கயிறு கை மாறின ஆடு

அந்தப் பையைக் கொஞ்சம் அக்கட்டால வையுங்க தம்பி. காலுக்கடியில போட்டாலும் சரி, மேல கம்பியில வெச்சாலும் சரி. அதுல போட்டிருக்கற கைவிளக்குப் படத்தைப் பார்த்துக்கிட்டே பெருந்துறையிலிருந்து குன்னத்தூர் வரைக்கும் என்னால வர முடியாது. எனக்கு ரத்தக்கொதிப்பு இருக்குது.

இல்லீங்க, உங்க மேல கோபமில்லை. நீங்க யாரோ, நான் யாரோ. பஸ்ஸுல பக்கத்துல வந்து உக்காந்தீங்க. ஆனா அந்தப் பையைக் குடுத்தாங்க பாருங்க, கைவிளக்கு அறக்கட்டளைக்காரங்க, அவங்க மேல இருக்குது. நீங்க அதுல சேர்ந்திருக்கறீங்களா? அடுத்த மாசம் போறீங்களா? தான்சானியாவுக்கா? அப்பச் சரி. அப்ப நீங்க இதைக் கேட்டுத்தான் ஆகோணும். ஒரு பக்கத்துக் கதையைத்தான் உங்களுக்குச் சொல்லியிருப்பாங்க. குன்னத்தூர் வர்றதுக்குள்ள நான் இன்னொரு பக்கத்தைச் சொல்லி முடிச்சுடறேன்.

போன பங்குனியில என்னையும் கூட்டிட்டுப் போனாங்க. நானாப் போகலை, கேட்டுக்குங்க. என் வீடு தேடி வந்தாங்க. வசுந்தரா மேடம்னு, மில்லுக்காரர் சம்சாரம், அவங்கதான் அதுக்குத் தலைவி. கார்ல வந்து இறங்கி, என் வீட்டுக் கயித்துக் கட்டில்ல உக்காந்து, மோர் வாங்கிக் குடிச்சுட்டுச் சொன்னாங்க. "ராக்கியப்பண்ணா, அங்க ஏழைக் குடும்பங்களுக்கு ஆளுக்கொரு பால் ஆடு வாங்கித் தர்றோம். போன தடவை சந்தையில எங்களை நல்லா ஏமாத்திட்டாங்க. பல்லுப் போன கிழட்டு ஆடெல்லாம் தலையில கட்டிட்டாங்க. நீங்க கூட வந்து வாங்கிக் குடுத்தா உங்களுக்குப் புண்ணியமாப் போகும்."

புண்ணியம்னு அவங்க வாயில வந்த வார்த்தை. நான் கேட்கலை.

என் பெருமையை நானே பேசக் கூடாது. குன்னத்தூர் ஆட்டுச் சந்தையில இறங்கி ராக்கியப்பன் எங்கேன்னு கேட்டுப் பாருங்க. பாதிப்பேர் கையைக் காட்டுவான், மீதிப்பேர் காறித் துப்புவான். ரெண்டு பேருக்கும் என்னைத் தெரியும். அதுதான் பேரு. அப்பன் ஆயி மூஞ்சி தெரியாது எனக்கு. அடுத்தவன் ஆட்டை ஓட்டிக்கிட்டு, அந்த ஆட்டுக்கு நடுவுலயே படுத்துத் தூங்கி, ஏமாந்து ஏமாந்து உதைபட்டு மேல வந்தவன். பள்ளிக்கூடத்துப் பக்கம் மழைக்குக்கூட ஒதுங்குனதில்லை. எனக்குத் தெரிஞ்சதெல்லாம் இந்தத் துண்டும் இந்த விரலும்தான்.

நீங்க டவுன்காரர், சந்தையைப் பார்த்திருக்க மாட்டீங்க. நாங்க வாயைத் திறந்து விலை பேசமாட்டோம். பேசுனா பக்கத்துல நிக்கிறவன் காதுல விழும், அவன் ஏத்திவிடுவான் இல்லை இறக்கிவிடுவான். விக்கிறவன் கையும் வாங்குறவன் கையும் துண்டுக்குள்ள போயிரும். ஒரு விரலைப் பிடிச்சா ஒண்ணு, ரெண்டு விரலைப் பிடிச்சா ரெண்டு, முழுக்கையையும் சேர்த்துப் பிடிச்சா அஞ்சு. நூறா ஆயிரமாங்கறது ஆட்டைப் பார்த்தாலே ரெண்டு பேருக்கும் தெரியும். மேல மூஞ்சியில ஒண்ணும் தெரியாது. மழை பேஞ்சுதா, மகளுக்கு மாப்பிள்ளை பார்த்தாச்சான்னு வாய் பேசிக்கிட்டிருக்கும். உள்ள விரல் சண்டை போட்டுக்கிட்டிருக்கும். ஒத்துக்கிட்டா, விக்கிறவன் ஆட்டுக் கயித்தை எடுத்து வாங்குறவன் கையில குடுப்பான். கயிறு கை மாறிருச்சா, முடிஞ்சுது. அந்த ஆடு அடுத்த நிமிசம் செத்தாலும் வாங்குனவன் தலையெழுத்து, ரெட்டைக்குட்டி போட்டாலும் வாங்குனவன் அதிர்ஷ்டம். கயித்தைத் திருப்பிக் கேட்டான்னு ஒருத்தனுக்குப் பேரு வந்துருச்சுன்னா, அவன் அப்பறம் கோழி யாவாரத்துக்குத்தான் போகோணும்.

நான் வாங்குன கயித்தைத் திருப்பிக் குடுத்ததில்லை. லாபமில்லாமக் கயித்தை விட்டதுமில்லை. இதை மனசுல வெச்சுக்குங்க. மத்ததெல்லாம் இதுலதான் வருது.

சரி, போனோம். ஏரோப்ளேன்ல ஒரு பொண்ணு வந்து ஜூஸை நீட்டுச்சு. எவ்வளவு கண்ணுன்னேன். சும்மாதான்னுச்சு. வேண்டாம்னுட்டேன். சும்மா வர்றதுக்குள்ள ஒரு முள்ளு இருக்கும் தம்பி. எவனாவது சும்மா குடுக்கறானா, உங்ககிட்டருந்து என்னத்தையோ உருவப்போறான்னு அர்த்தம். அது எனக்குச் சின்னதுலயே தெரியும்.

அந்த ஊருப் பேரு என் வாயில நுழையாது. 'ம்'முல ஆரம்பிக்கும். செம்மண்ணு, ஒரு பள்ளிக்கூடம், ஒரு பெரிய மாமரம், தகரக் கூரை போட்ட வீடுக. நம்ம பக்கம் மாதிரியேதான் இருந்துச்சு, ஆளுக மட்டும் சிரிச்ச மூஞ்சியா இருந்தாங்க. ஜுமான்னு ஒரு பையன் எங்களுக்கு வண்டி ஓட்டுறதுக்கும் பேச்சு மாத்திச் சொல்றதுக்கும் வந்தான். பையன்னா, முப்பது வயசு ஆம்பளை. கோயமுத்தூர்ல காலேஜுல படிச்சவனாம். "ஏனுங்க, சாப்பிட்டீங்களா"ன்னு கேக்குறான். எனக்கு மயக்கம் வந்துருச்சு.

இப்பக் கேளுங்க, நம்ம ஆளுக பண்ணுன சேவையை. ஜீப்புலருந்து மிட்டாயை வாரி வீசுறாங்க. குழந்தைக விழுந்து புரண்டு பொறுக்குதுக. அதை ஒருத்தர் போன்ல படம் பிடிக்கிறார். சரியா விழலையாம், அத்தனை குழந்தைகளையும் மறுபடி மரத்துக்கிட்டப் போய் நின்னு ஓடிவரச் சொன்னாங்க. மறுபடியும் ஓடி வந்துச்சுக, பாவம். அப்பறம் பள்ளிக்கூடச் செவத்துக்கு மஞ்சள் அடிச்சாங்க. அதுக்கு அடியில பச்சை இருக்குது. ஏன்டா ஜுமா, பச்சை நல்லாத்தானே இருக்குதுன்னேன். "அது போன வருசம் வந்தவங்க அடிச்சதுங்க"ங்கறான். அந்தப் பச்சைக்கு அடியில என்ன கலர் இருக்குதோ!

"மேடம், இதுக்கா இத்தனை தூரம் ஏரோப்ளேன் ஏறி வந்தோம்?"னு வாய்விட்டுக் கேட்டேன்.

"அண்ணா, அன்பைக் குடுக்கறதுக்கு வந்திருக்கோம். உங்களுக்குப் புரியாது"ன்னாங்க.

எனக்குப் புரியாதாம். அன்பை மிட்டாய்ல சுத்தித் தூக்கி எறியறது எனக்குப் புரியாதுதான். அந்த மனுசங்க கிட்டக்கப் போயி, கையைத் தொட்டு, கண்ணைப் பார்த்து ஒரு காரியம் பண்ணுனவன் அந்தக் கூட்டத்துல நான் ஒருத்தன்தான்.

சந்தையில ஆடு வாங்குனேன் பாருங்க, அதைப் படம் பிடிச்சிருக்கோணும். அதை ஒருத்தரும் பிடிக்கலை. அங்கத்தி யாவாரிகளுக்குத் துண்டு யாவாரம் தெரியாது. ஆனா யாவாரின்னா எங்கயும் யாவாரிதான். ஜுமாவை விட்டு ஒரு தடவை சொல்லச் சொன்னேன், அவ்வளவுதான், பிடிச்சுக்கிட்டானுக. அப்பறம் ஜுமாவே வேண்டாம். பேச்சே வேண்டாம். போன வருசம் இவங்க குடுத்த விலையில பாதிக்கு வாங்குனேன். எல்லாம் இளசு, எல்லாம் கறவை. மேடம் கையெடுத்துக் கும்பிட்டாங்க. "அண்ணா, உங்க மாதிரி ஆள்தான் எங்களுக்கு வேணும்"னாங்க. இன்னைக்கு அதைச் சொன்னாங்களான்னு கேட்டா இல்லைம்பாங்க.

லாரியில வர்றப்ப ஒரு ஆடு கீழ குதிச்சுக் காலை ஒடிச்சுக்கிச்சு. ஒண்ணு குறைஞ்சு போச்சு. மத்தியானம் விழா. ஒவ்வொரு ஆட்டுக்கும் இங்க ஒருத்தர் பணம் குடுத்திருக்கார், அவங்கவங்க அப்பா அம்மா பேருல. குறைஞ்சது யாரோட ஆடுன்னா, நகைக்கடை தெய்வசிகாமணியோடது. அவரு எங்க கூடவே வந்திருக்கார். செத்துப்போன அவங்கப்பா படத்தைச் சட்டம் போட்டு எடுத்துட்டு வந்து மடியில வெச்சுக்கிட்டு உக்காந்திருக்கார். "எங்கப்பா ஆடு எங்கே? எங்கப்பா ஆடு எங்கே?"ன்னு குழந்தை மாதிரி கேக்குறார். மேடம் என்னைப் பார்த்தாங்க. சித்த பொறுங்க, கொண்டாறேன்னேன்.

அதே மாமரத்தடியில ஒரு பக்கம், இங்கிருந்து எங்க கூட வந்த ஆட்டு டாக்டர் ஊசி போட்டுக்கிட்டிருந்தார். அதுவும் நம்ம சேவைதான். ஊர்ல ஆடு வெச்சிருக்கறவங்க எல்லாம் ஓட்டிட்டு வந்து வரிசையில நிக்கிறாங்க. அங்க கண்டேன். வெள்ளையில செம்புள்ளி. மடி பாருங்க, ரெண்டு கையில ஏந்தலாம். கயித்தைப் பிடிச்சுக்கிட்டு ஒரு பொம்பளை. நேமான்னு பேரு, அது அப்பறம் தெரிஞ்சுது. முதுகுல ஒரு கைக்குழந்தையைப் பூப்போட்ட துணியில வரிஞ்சு கட்டியிருந்தா. கிட்டப் போனேன். ஆட்டுப் பல்லைப் பார்த்தேன், மடியைத் தொட்டேன், முதுகைத் தட்டினேன். அவ சிரிச்சா. கையை நீட்டுனேன். அவளும் கையை நீட்டுனா. துண்டைப் போட்டு மூடிட்டேன்.

ஜுமா இல்லை. அவனை மேடம் படம் எடுக்கக் கூட்டிட்டுப் போயிட்டாங்க. இருந்தா மட்டும் என்ன? சந்தையில அவன் இல்லாமத்தானே வாங்குனேன்.

மூணு விரலைப் பிடிச்சேன். அவ என் கையை முழுசாப் பிடிச்சா. அடேங்கப்பா, எடுத்ததுமே அஞ்சு கேக்குறாளேன்னு நெனச்சேன். நாலு விரலைப் பிடிச்சேன். மறுபடியும் முழுக்கையையும் பிடிச்சா. பிடிச்சு ஒரு அமுக்கு அமுக்கறா. மூஞ்சி மட்டும் சிரிச்சுக்கிட்டே இருக்குது. பக்கத்துல நின்ன பொம்பளைகளும் சிரிக்கிறாங்க. நாலுன்னேன், நாலுன்னேன், விரல் வலிக்க நாலுன்னேன். இறங்கவே மாட்டேங்கறா. தம்பி, இத்தனை வருசத்துல அப்படி ஒரு கெட்டிக்காரியை நான் பார்த்ததில்லை. சரி போ, அஞ்சுன்னாலும் இந்த மடிக்குத் தகும்னு முழுக்கையையும் பிடிச்சுக் குலுக்குனேன். தலையை ஆட்டுனா. பணத்தை எடுத்து உள்ளங்கையில வெச்சேன். அவ்வளவு சந்தோசம் அவளுக்கு! முழங்காலை மடக்கி ஒரு வணக்கம் வெச்சா. கயித்துக்குக் கையை நீட்டுனேன். குடுத்தா. அவ கையால, என் கையில, குடுத்தா. அத்தனை பேர் பார்க்கக் குடுத்தா.

இதுல ஏமாத்து எங்கே இருக்குது? நீங்க சொல்லுங்க.

ஒண்ணு மட்டும் கவனிச்சேன், சொல்லிடறேன். பணத்தை வாங்குனவ வீட்டுக்குப் போகலை. மரத்தடியில உக்காந்துட்டா, நான் ஆட்டை ஓட்டிட்டுப் போன திக்கையே பார்த்துக்கிட்டு. சோறு போடுவாங்கன்னு உக்காந்திருக்கா போலன்னு நானும் விட்டுட்டேன்.

விழா ஆரம்பிச்சுது. ஆட்டுக்கெல்லாம் மாலை போட்டு, குங்குமம் வெச்சு, கொம்புல பலூன் கட்டி நிறுத்தியிருந்தாங்க. நான் வாங்குன ஆட்டைத் தெய்வசிகாமணி பிடிச்சுக்கிட்டார், அப்பா படத்தை அதுக்குப் பக்கத்துல வெச்சுக்கிட்டு. ஜுமா பேரைப் படிக்கிறான். ஒவ்வொரு பொம்பளையா வந்து வாங்குறா. எல்லாரும் கை தட்டுறாங்க. அந்த நேமாவும் முன்னால வந்து நின்னு கை தட்டுறா. ஹலீமான்னு ஒருத்தி வந்தா, புருசன் இல்லாதவ, ஒல்லிக் குச்சி. தெய்வசிகாமணி கயித்தை அவ கையில குடுத்தார். அப்ப அந்த ஆடு கத்துச்சு பாருங்க. நேமா தட்டுன கை அப்படியே நின்னுச்சு. குங்குமமும் பலூனுமா இருந்ததுல அது வரைக்கும் அடையாளம் தெரியலை போல.

ஓடி வந்து கயித்தைப் பிடிச்சா. ஹலீமா ஒரு பக்கம் இழுக்கறா, இவ ஒரு பக்கம் இழுக்கறா, நடுவுல அந்த அப்பா படம் கீழ விழுந்து கண்ணாடி உடைஞ்சு போச்சு. தெய்வசிகாமணி "ஐயோ அப்பா!"ங்கறார். எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. "திருடி! பணத்தை வாங்கிக்கிட்டு ஆட்டையும் ஓட்டறியா? பிடிங்கடா அவளை!"ன்னு கத்துனேன். ரெண்டு பேர் பிடிச்சுட்டாங்க. பாஷை தெரியாட்டி என்ன, நான் கத்துன தொனி எல்லாருக்கும் புரிஞ்சுது.

ஜுமா வந்து கேட்டான். அவ அழுதுக்கிட்டே என்னமோ சொன்னா. ஜுமா என்னைப் பார்த்தான், மேடத்தைப் பார்த்தான். "ஏனுங்க, இவங்க ஆட்டை விக்கலைங்க. ஊசி போடறதுக்கு ஓட்டிட்டு வந்தாங்களாம். நீங்க ஆட்டைத் தொட்டுப் பார்த்ததும் டாக்டர்னு நெனச்சுக்கிட்டாங்களாம். கையைத் துணியால மூடினதும், குழந்தைக்காக நீங்க சாமி கும்பிடறீங்கன்னு நெனச்சாங்களாம். அப்பறம் பணம் குடுத்தீங்களாம். தர்மம் பண்ண வந்தவங்கதானே, குழந்தைக்குக் குடுக்கறீங்கன்னு வாங்கிக்கிட்டாங்களாம். ஊசி போட்டுக் கொண்டாந்து குடுப்பீங்கன்னு அங்கயே உக்காந்திருந்தாங்களாம்."

நான் டாக்டர் மாதிரியா இருக்கறேன்? நீங்களே பாருங்க.

"இந்தக் குழந்தைக்குத் தாய்ப்பால் பத்தலையாம். அந்த ஆட்டுப் பாலுதானாம்"னு ஜுமா சொன்னான்.

"கறவை ஆடுன்னு எனக்குத் தெரியாதாடா? அதனாலதானே வாங்குனேன்!"

மேடம் கையைப் பிசைஞ்சாங்க. "அண்ணா, பேசாமத் திருப்பிக் குடுத்துடலாம். பணத்தைத் திருப்பித் தர்றாங்க பாருங்க." அவ நீட்டிக்கிட்டுத்தான் நின்னா, கசங்குன நோட்டை.

"மேடம், யாருகிட்டத் திருப்பிக் குடுக்கறது? ஆடு இப்ப என்னுதா? என்கிட்டருந்து உங்களுக்குப் போயி, உங்ககிட்டருந்து இவருக்குப் போயி, இவரு அவ கையில குடுத்தாச்சு. கயிறு மூணு கை மாறியாச்சு. தானம் குடுத்ததைப் பிடுங்கச் சொல்றீங்களா? அது பாவமில்லையா?"

தெய்வசிகாமணி என் பக்கம் பேசுனார். உடைஞ்ச கண்ணாடியைப் பொறுக்கிக்கிட்டே பேசுனார். "அப்பா பேருல குடுத்தாச்சு மேடம். படம் வீட்டுக்கு அனுப்பியாச்சு. எங்கம்மா பார்த்துட்டாங்க."

மேடம் உடனே அடங்கிட்டாங்க. பணம் குடுக்கறவரு பேசுனா அன்பு அடங்கிரும், அதையும் நீங்க மனசுல வெச்சுக்குங்க. அப்பறம் மெதுவா ஜுமாகிட்டக் கேக்கறாங்க, "இந்தம்மா பேரு நம்ம பட்டியல்ல ஏன் இல்லை?"

"ஆடு இருக்கறவங்களுக்கு ஆடு இல்லைன்னு நீங்கதானுங்க சொன்னீங்க."

"இப்பத்தான் இல்லையே! அடுத்த வருசத்துக்கு முதல் பேரா எழுதிக்குங்க"ன்னேன் நான். நல்ல வழிதானே? மேடம்கூடத் தலையை ஆட்டுனாங்க. ஜுமா மட்டும் அதை அவளுக்கு மாத்திச் சொல்லவே இல்லை. கூலி வாங்கிட்டு வேலையைச் செய்ய மாட்டேங்கறான், அவனை யாரும் கேட்கலை. என்னை மட்டும்தான் கேக்கறாங்க.

அன்னைக்குச் சாயங்காலம் எனக்குச் சோறு இறங்கலை. கோபத்துல. மத்தவங்க எல்லாம் தனியாப் போயி உக்காந்து குசுகுசுன்னு பேசிக்கிட்டாங்க.

மறுநாள் காலையில நாங்க கிளம்போணும். ஜீப்புல மூட்டையை ஏத்திக்கிட்டிருக்கறோம். பார்த்தா பொம்பளைக ஒரு கூட்டமா வர்றாங்க. முன்னால நேமா, முதுகுல குழந்தை. பக்கத்துல ஹலீமா, அவ கையில ஆட்டுக் கயிறு. குங்குமத்தைக் கழுவியிருந்தாங்க. சண்டைக்குத்தான் வர்றாளுகன்னு நான் வேட்டியை மடிச்சுக் கட்டுனேன்.

ஜுமா சொன்னான். "இவங்க உங்ககிட்ட விலை பேச வந்திருக்காங்க."

"ஆடு அந்த ஹலீமாவோடதுடா. அவகிட்டப் பேசச் சொல்லு."

"அவங்க நேத்தே சும்மாவே திருப்பிக் குடுக்கப் பார்த்தாங்க. நேமாதான் வாங்கலை. நேத்து நீங்க ஊரு முன்னால திருடின்னு கத்தினது என்னன்னு எங்கிட்டக் கேட்டாங்க. சொன்னேன். துண்டுக்குள்ள கை வெக்கிறது என்ன கணக்குன்னு கேட்டாங்க. அதையும் சொன்னேன். ஊரு முன்னாலயே, உங்க வழக்கப்படியே, உங்ககிட்டயே வாங்கிட்டுப் போறாங்களாம். அப்பறம் யாரும் திருடின்னு சொல்ல முடியாதாம்."

தம்பி, நான் உங்ககிட்ட மறைக்கலை. எனக்கு உச்சி குளிர்ந்து போச்சு. அந்தக் கூட்டத்துலயே தொழில் தெரிஞ்ச ஒரே ஆள் அவதான். ஹலீமா கயித்தை என் கையில குடுத்தா. துண்டை உதறிப் போட்டேன். அவ கையை உள்ள விட்டா.

முழுக்கையையும் பிடிச்சா. அஞ்சு. நான் குடுத்த அதே விலை.

நான் அதுக்கு மேல ஒரு விரலைப் பிடிச்சேன். பின்னே? வாங்குன விலைக்கே குடுத்தா அதுக்குப் பேரு யாவாரமா? அவ பிடியை விடலை. நான் ஒரு விரலை விடலை. ஜுமா குறுக்க வந்தான். "ஏனுங்க, அவங்ககிட்ட அவ்வளவுதான் இருக்குது. நீங்க குடுத்ததேதான்."

"அது அசலுடா. மேல எங்கே?"

"அண்ணா, அசிங்கம் பண்ணாதீங்க! குடுத்துட்டு வாங்க!"ன்னு மேடம் ஜீப்புலருந்து கத்துறாங்க.

"நீங்க போயி மிட்டாயை வீசுங்க மேடம், இது உங்களுக்குப் புரியாது!"ன்னேன். நானா விட்டுக் குடுத்தா என்ன ஆகும்? அது பிச்சை. பிச்சை எடுக்க வந்தவளா அவ? யாவாரம் பேச வந்தவ. அவளுக்கு மரியாதை குடுத்தவன் நான். இது ஏன் ஒருத்தருக்கும் விளங்க மாட்டேங்குது?

அவ கை சூடா இருந்துச்சு. கட்டை மாதிரி காய்ச்சுப் போன கை. எத்தனை ஆயிரம் கையைப் பிடிச்சிருக்கறேன், விலை பிடிக்கலைன்னா விரல் நெளியும், தளரும், வேர்க்கும். இது எதுவும் பண்ணலை. முழிச்சு என்னையே பார்த்துக்கிட்டு நிக்கிறா. நேத்து சிரிச்சாளே, அந்தச் சிரிப்பு இல்லை.

அப்பறம் கையை எடுத்தா. சரி, யாவாரம் முறிஞ்சுதுன்னு நெனச்சேன். குழந்தையைத் தோளுக்கு முன்னால இழுத்து ஹலீமா இடுப்புல குடுத்தா. முதுகுல கட்டியிருந்த அந்தப் பூப்போட்ட துணியை அவுத்தா. நாலா மடிச்சா. பணத்தை அது மேல வெச்சு, ரெண்டையும் என் கையில வெச்சா.

எல்லாரும் என்னைப் பார்க்கறாங்க. வாங்குனேன். ஆமா, வாங்குனேன். அவ குடுத்த விலை அது, நான் கேட்டு வாங்குனதில்லை. கயித்தை அவ கையில குடுத்தேன். லாபமில்லாம விட்டதில்லைங்கற பேரு நின்னுச்சு. பணத்தை அங்கயே, அந்த நிமிசமே, ஹலீமா கையில வெச்சுட்டேன், நீ வேற ஆடு வாங்கிக்கோன்னு. ஒரு பைசா என் மடியில ஏறலை. ரெண்டு பேருக்கும் நியாயம் பண்ணிட்டுத்தான் வந்தேன். அங்க வந்த கூட்டத்துல ஒருத்தராவது அந்த மாதிரிக் கணக்கை நேர் பண்ணிட்டு வந்தாங்களா?

இப்ப இங்க என்ன சொல்லித் திரியறாங்க தெரியுமா? பச்சைக் குழந்தை முதுகுலருந்து துணியை உருவுனவன்னு! ஏரோப்ளேன்ல ஒருத்தரும் என்கூடப் பேசலை. விழாப் படத்தையெல்லாம் மண்டபத்துல மாட்டுனாங்க, நான் நின்ன இடத்தை வெட்டிட்டாங்க. என் கை மட்டும் ஒரு படத்துல ஆட்டு மேல தெரியுது. சந்தையில பயலுக என்னைக் கண்டா, "ராக்கியப்பன் வர்றான், வேட்டியை இறுக்கிப் பிடிச்சுக்கங்கடா"ங்கறான். என்கிட்ட உதைபட்ட பயலுக! என் சம்சாரம் இருக்கறாளே, அந்தத் துணியைத் துவைக்கவும் மாட்டேங்கறா, தூக்கிப் போடவும் மாட்டேங்கறா. பொட்டி மேலயே கெடக்குது. புளிச்ச பால் வாசம் அடிக்குதுன்னு நான் சொன்னா, "அடிக்கட்டும்"ங்கறா.

அதெல்லாம் போகட்டும். அது இல்லை எனக்கு.

கயித்தை வாங்குனா பாருங்க, வாங்கிக்கிட்டு என் மூஞ்சியைப் பார்த்து ஒரு வார்த்தை சொன்னா. கத்தலை, அழுகலை. நிதானமா, ஒரே ஒரு வார்த்தை. அவ்வளவுதான், கொல்லுனு அத்தனை பேரும் சிரிச்சாங்க. ஹலீமா சிரிக்கிறா, குழந்தைக சிரிக்குதுக. பாஷை தெரியாத ஆட்டு டாக்டரும் சிரிக்கிறார். சிரிச்சுக்கிட்டே ஆட்டை ஓட்டிட்டுப் போறாங்க.

"ஜுமா, என்னடா சொன்னா?"

"ஒண்ணுமில்லைங்க."

"ஒண்ணுமில்லாததுக்கா ஊரே சிரிக்குது? சொல்லுடா."

"ஏனுங்க, வண்டி கிளம்பிருச்சுங்க."

ஏர்போட்டு வரைக்கும் கேட்டேன். காசு தர்றேன்னேன். அடிச்சுப் போடுவேன்னேன். ரோட்டையே பார்த்து ஓட்டுனான்.

சந்தையில என்னைத் திட்டாத ஆள் இல்லை தம்பி. என் சாவு வரைக்கும் சபிச்சிருக்கானுக. எல்லாம் எனக்குத் தெரிஞ்ச பாஷை. ஒண்ணுக்குப் பத்தாத் திருப்பிக் குடுத்துட்டு வீட்டுக்குப் போயி நிம்மதியாத் தூங்கியிருக்கறேன். இதுக்கு என்ன திருப்பிக் குடுக்கறது? வண்டி ஏறுனா இதே நெனப்பு, சோத்துல கை வெச்சா இதே நெனப்பு.

ஒருவேளை நல்லதாக்கூட இருக்கும். மகராசனா இருன்னு சொல்லியிருப்பா. ஆடு கிடைச்சுதில்ல, அந்தச் சந்தோசத்துல. இல்லீங்களா?

என்ன தம்பி, பையைக் கையில எடுக்கறீங்க? மகராசனா இருன்னா யாராவது அப்படிச் சிரிப்பாங்களா?